குடும்பத்தில் வேறு யாருக்காவது

பதுளை ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை கிளினிக்.
படிவத்தில் பெயருக்கு அடுத்த கட்டம்: இனம்.
"இந்தியத் தமிழ்" என்று எழுதிய மிஸ்
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
அதை வெட்டி, மேலே "மலையகம்" என்று எழுதினார்.
வெட்டியதும் வாசிக்கத் தெரிந்தது.

பக்கத்துக் கதிரையில் பண்டாரவளை மிசிஸ் ஜூரியன்ஸ்.
அவர் இரத்தத்தில் கண்ட எழுத்துப்பிழையை
உலகம் ஆயிரம் தடவை கண்டிருக்கிறது.
அதற்குப் பெயர் உண்டு, இலக்கம் உண்டு,
என்ன செய்வதென்று எழுதியும் இருக்கிறது.
மற்ற மார்பையும் எடுத்துவிட்டார்கள்.
மெல்பேர்னில் மகளையும் சோதித்தாயிற்று.
"எங்கட ஆட்களை எழுதி வச்சிருக்கு, அதுதான்"
என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

எனக்கும் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.
அறிக்கையின் கடைசி வரியை இரண்டு முறை வாசித்து
டொக்டர் ஹிமாஷி தமிழில் சொல் தேடினார்:
"பொருள் தெரியாத மாற்றம்."
கெட்டதா?
தெரியாது.
அப்ப நல்லதா?
அதுவும் தெரியாது.
உங்கள் ஆட்களின் இரத்தம் அந்தக் கணக்கில் போதாது என்றார்.
தன் ஆட்களுடையதும் அவ்வளவாக இல்லை என்று சொல்லும்போது மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் முப்பது வருசம் கொழுந்தெடுத்த
ஏழாம் நம்பர் மலை முழுக்க
ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள்.
எந்தத் தவறணை, எந்த வருசம்,
கொப்புள நோய் தாங்குமா, வறட்சி தாங்குமா
எல்லாம் ஒபிஸில் பச்சை மட்டைப் புத்தகத்தில் இருக்கிறது.
அதே அலுமாரியில் எங்களுக்கும் ஒரு புத்தகம்.
அம்மாவின் கடைசி வரி அதில்:
இருநூற்றுப் பதினாலு. பெண். நாற்பத்தாறு. காய்ச்சல்.
சட்டைக்குள் பழந்துணி மடித்துக் கட்டி
தலைக்கயிற்றை வலப்பக்கமாய்ச் சரித்துக்கொண்டு
அவள் ஒன்பது மாதம் மலையேறியதற்கு
அங்கே கட்டம் இல்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது?
படிவத்தில் எட்டுக் கோடுகள்.
அம்மா ஒன்று. மிச்சம் ஏழு வெறுமை.

அம்மாவின் தங்கை ராக்கம்மா
எழுபத்துமூன்றில் ஒப்பாரிக் கோச்சியில் ஏறினாள்.
ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர்.
ஒருத்திக்கு இந்தக் கரையில் பிரஜாவுரிமை,
மற்றவளுக்கு அந்தக் கரையின் பாஸ்போட்.
கையெழுத்துப் போட்டவர்கள் தலையைத்தான் எண்ணினார்கள்.
தலைமன்னாரில்
யாரும் எண்ணாத எழுத்துகளும் சேர்ந்துதான் கப்பலேறின.
கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்,
குளிர் இங்கே மாதிரித்தான் என்று.
பிறகு இல்லை.

சொந்தத்தில் நோய் வந்த இன்னொருத்திக்கும்
அதே எழுத்து இருந்தால்
பொருள் ஓரடி கிட்ட வரும் என்கிறார் டொக்டர்.

சாரங்கிக்கு இருபத்தாறு.
கண்ணாடி முன் நின்று தலைவாரும்போது
அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
என்னம்மா என்கிறாள்.
ஊக்கு சரியாய்க் குத்து என்கிறேன்.

கொழும்பிலிருந்து மகன் பேஸ்புக்கில் துழாவி
ஒரு நம்பர் அனுப்பினான்: செண்பகவல்லி,
சின்னம்மாவின் மூத்தவள்.
முகம் கண்டதில்லை.
கல்யாணமா, சாவா, பிள்ளைகள் எத்தனை என்றால்
எங்கே தொடங்குவதென்று தெரியும்.
இதற்கு ஊரில் முன்வார்த்தை கிடையாது.
மார்பு என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே
கிளினிக்கில்தான்.
மூன்று தரம் பேசி அழித்தேன்.
நாலாவதில் தகரத்தில் விழும் மழையும் கேட்டது.
அப்படியே அனுப்பினேன்.

விடிய, ஸ்டோர் சங்கு ஊதும் நேரம் பதில் வந்திருந்தது.
நீ யாரென்று இல்லை.
அம்மாவைப் பற்றியும் இல்லை.
"எந்தப் பக்கம்?"
என்று மட்டும் கேட்டிருந்தாள்.